தக்காளி வரிசையில் உனக்கொரு வீடு

அன்பு மகன் ரோவனுக்கு,

நீயும் கெர்ரியும் குட்டிப் பயலும் நியூசிலாந்துக் குளிருக்குள் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் வலது கை மட்டும் மாவுக்கட்டில் ஓய்வெடுக்கிறது, கோழிக்கூண்டு வாசலில் வழுக்கிவிட்டேன், பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை டாபித்தா எழுதுகிறாள். போனில் சொன்னால் பாதியிலேயே "பாக்கலாம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ரோவன், உனக்கு ஒரு வீடு பிடித்து வைத்திருக்கிறேன்! தேவாலயத்துக்குப் பின்னால் பார்லி விளைந்த வயலில் புது வீடுகள் கட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, முடித்துவிட்டார்கள். வயலை விடமாட்டோம் என்று அப்பா நம் வேலியில் பலகை அடித்து வைத்திருந்தார். ஒரு வீட்டை மட்டும் இந்த ஊரில் பிறந்தவர்களுக்கென்று விலை குறைத்து ஒதுக்கியிருக்கிறார்கள், முதலில் வந்து பெயர் கொடுப்பவருக்கே அது என்று தெரிந்ததும் பலகையைக் காணவில்லை. கேட்டால் "காத்துல விழுந்துடுச்சு" என்கிறார், காற்றா ஆணியைப் பிடுங்கும்? ஊரில் ஒரு வீடு மட்டும் அமைந்தால் திரும்பி வந்துவிடுவோம் என்று நீ போன கடிதத்தில் எழுதியதை நாங்கள் இருவருமே மறக்கவில்லை.

சனிக்கிழமை பெயர் கொடுக்கும் நாள். டாபித்தாவோடு கிளம்பினால், வழியில் ஊர் மண்டபத்து வாசலிலேயே நீண்ட வரிசை. ஓடிப்போய் நின்றுகொண்டேன். இது எதற்கான வரிசை என்று கேட்டால் நன்றாகவா இருக்கும்? முன்னால் நின்ற மேவிஸோடு மழையைப் பற்றியும் அவள் நாயின் வயிற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். "ஏம்மா எல்லாரும் அட்டைப்பெட்டியோட நிக்கிறாங்க" என்று டாபித்தா காதைக் கடித்தாள், பத்திரம் வைக்க என்று சொல்லி அடக்கினேன். எங்களுக்குப் பின்னால் உன்னோடு பள்ளியில் படித்த அலெக் டிரான்டர் வந்து நின்றான். அவன் மனைவிக்கு இது நிறைமாதம், இன்னும் அவன் அப்பா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறார்கள்.

மண்டபக் கதவு திறந்தால் உள்ளே மேசை மேசையாகத் தக்காளி நாற்று! "என்ன ஹில்டா, பெட்டி இல்லாம வந்திருக்கே, நாத்தை மாவுக்கட்டுக்குள்ள சொருகிக்கப் போறியா" என்று மேவிஸ் சிரித்தாள். அலெக்கின் முகம் வெளுத்துப்போனது. "உங்களைப் பாத்துத்தானே நானும் நின்னேன் மிஸஸ் ஹாலம்" என்றான்.

வயலைப் பார்த்து ஓடினோம். அவனுக்கு நீளக் கால், முதலில் போய்ச் சேர்ந்துவிட்டான். விற்பனைக்கு உட்கார்ந்திருந்த பெண், காலையிலிருந்து ஒருவரும் வரவில்லையே என்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாளாம், மகிழ்ச்சியில் பேனாவை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவன் எழுதவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக நின்றான். "நீங்கதானே முன்னாடி நின்னீங்க, போங்க" என்றான். அது தக்காளி வரிசைடா என்றேன். "வரிசைன்னா வரிசைதான்" என்றான். டாபித்தா உன் பெயரை எழுதினாள், அதன் கீழே அவன் தன் பெயரை எழுதினான்.

வீடு அவ்வளவு அழகு! சமையலறை ஜன்னலில் நின்றால் நம் புகைபோக்கி தெரிகிறது. மாடிப்படிக்கு அடியில் ஒரு இடுக்கு, குட்டிப் பயலின் புத்தகங்களுக்கு என்று டாபித்தா இப்போதே சொந்தம் கொண்டாடிவிட்டாள். வெளிச்சம் எல்லா அறைக்கும் வருகிறது, மறுநாள் பார்க்க வந்த அப்பா குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினார், அவர் அதற்கு மேல் எதையும் பாராட்டமாட்டார்.

மாத முடிவுக்குள் நீ சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வீடு கீழே இருக்கும் பெயருக்குப் போய்விடும். அலெக்கைக் கடையில் தினமும் பார்க்கிறேன், வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, மழையைப் பற்றித்தான் பேசுகிறான், நானும் மழையைப் பற்றித்தான் பேசுகிறேன். கெர்ரியோடு உட்கார்ந்து நன்றாக யோசி. எங்களுக்காக வரவேண்டாம், வர ஆசையிருந்தால் வா. இல்லையென்றால் முடிவெடுத்த அன்றைக்கே போன் செய்துவிடு, நான் அழமாட்டேன். (அழுவார். டாபித்தா.)

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். குட்டிப் பயலுக்குக் கம்பளிக் காலுறை போடு. உனக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன் ரோவன், ஆனால் எனக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான்.

இடக்கையால் கையெழுத்திடும்,
உன் அம்மா ஹில்டா