கப்பல் ஏறியவனுக்கு ஒப்பாரி

கும்மிடிப்பூண்டி,
12.3.2006

அன்பு மகன் ஜோசப்புக்கு,

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ஜெபத்தில் உன் பெயரை இருவரும் சத்தமாகச் சொல்கிறோம். உன் அண்ணன் பெயரை அம்மா மட்டும் உதட்டுக்குள் சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் எதுவும் பேச முடிவதில்லை. சாப்பிட்டாயா, குளிரா என்று கேட்பதற்குள் அம்மா ரிசீவரை வாங்கிக்கொண்டு அழுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பேண்டின் பாட்டு என்று நீ அனுப்பிய சி.டி. வந்தது. எதிர்வீட்டு முத்தம்மாள் தன் பிளேயரைக் கொடுத்தாள். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கல்யாண ஊர்வலமும் சாவு ஊர்வலமும் ஒரே தெருவில் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோது என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். மனப்பாடச் செய்யுளை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரிதான் ஒப்பிப்பான். ஆனால் ஒரு சொல்லும் விட்டுப்போகாது. உங்கள் பாட்டும் அப்படித்தான். அத்தனை கூச்சலுக்கு அடியிலும் யாரோ அழுகிறார்கள்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதுல நம்ம பையன் அடிக்கிறது எது?" நான் குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன்.

உன் அண்ணன் அன்பு மில்லிலிருந்து திரும்பாமல் போய் இந்த ஈஸ்டரோடு நாலு வருஷம். அவன் தட்டு இன்னும் தினமும் வைக்கப்படுகிறது. போன கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்றாய். அதற்கு முந்தைய கிறிஸ்துமசுக்கும் அதையே சொன்னாய்.

உன் அப்பா,
யேசுதாஸ்


டப்ளின்,
2.4.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் அடிப்பது டிரம். நீங்கள் குத்துமதிப்பாகக் காட்டியது அக்கார்டியனாக இல்லாமல் இருந்தால் சரி.

இந்த பேண்டில் எப்படிச் சேர்ந்தேன் என்று நான் சொன்னதே இல்லை. ஓட்டல் சமையலறையில் தட்டுக் கழுவும்போது, நம் தெருவில் பாடையைத் தூக்கியதும் அடிப்பார்களே, அந்த அடியை ஒரு பாத்திரத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். பிரெண்டன் என்கிற சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார். பாடுகிறவர் அவர்தான்.

அவர் பெற்றோர் பிழைக்கப் போன இடம் லண்டன். பள்ளியில் அவருடைய பேச்சைக் கேலி செய்வார்களாம். அவர் கொள்ளுத்தாத்தா காலத்திலோ, அயர்லாந்துப் பள்ளிக்கூடத்திலேயே தாய்மொழி பேசினால் அடி. அந்த அவமானத்தில்தான் இந்தச் சங்கீதம் பிறந்தது என்கிறார். கிழவிகள் பாடிய பாட்டை எடுத்து, எலக்ட்ரிக் கிதாரை மாட்டி, "இதுதான் நாங்கள், காதைப் பொத்திக்கொள்ள முடியுமா பார்" என்று வாசிக்கிறார்கள். செல்டிக் பங்க் என்று பெயர்.

அப்பா, ஒரு உதவி. அம்மா ஒப்பாரி சொன்னால் இழவு வீட்டில் எழுந்து போகிறவனும் திரும்ப உட்காருவான். அண்ணனுக்காக அம்மாவை ஒரே ஒருமுறை பாடச் சொல்லி, உங்கள் டேப்பில் பிடித்து அனுப்புங்கள். அதற்கு நான் அடிக்க வேண்டும். அண்ணன் செத்தான் என்று நாம் யாரும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. இந்த நடுவில் என்னால் மூச்சு விட முடியவில்லை. வீட்டுக்கு வராததற்கும் காரணம் அதுதான். அந்தத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது?

உங்கள் மகன்,
ஜோசப்


கும்மிடிப்பூண்டி,
20.4.2006

அன்பு ஜோசப்,

தாய்மொழி பேசிய பிள்ளைகளை அடித்தது ஒரு வாத்தியாராகத்தானே இருக்கும்? அந்த வரியைப் படித்ததும் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

நீ கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உடம்பப் பாக்காம நான் இன்னாத்துக்குப் பாடணும்? ஷிப்ட் முடிஞ்சி கேட்டத் தாண்டுனான்னு வாட்ச்மேனே சொல்லிக்கினு இருக்காரு. நான் வாயத் தொறந்து பாடுனா அன்னிக்கிதான் அவன் சாவான்" என்றாள்.

கேட்டைத் தாண்டியவன் சைக்கிளை ஏன் ஸ்டாண்டிலேயே விட்டுப் போனான் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சைக்கிளுக்கு அவள் இன்னமும் எண்ணெய் போடுகிறாள். சில நாள் வெயில் நேரத்தில் பெல் சத்தம் கேட்டது என்று எழுந்து வருகிறாள். நானும் எழுந்து வருகிறேன், ஜோசப். இரண்டு பேருக்கும் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

வற்புறுத்தாதே.

உன் அப்பா


டப்ளின்,
14.5.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

வற்புறுத்தவில்லை. இதை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அம்மா சொன்னதை பிரெண்டனிடம் சொன்னேன். அவர் தங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒருவன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறப் போகிறான் என்றால், புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் இழவு கூட்டுவார்களாம். உறவெல்லாம் வந்து உட்காரும். ஆட்டம், பாட்டம், சாராயம் எல்லாம் உண்டு. போகிறவனும் நடுவில் உட்கார்ந்திருப்பான். அவன் எதிரிலேயே தாய் அவனுக்கு ஒப்பாரி வைப்பாள். இனி முகம் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பாடியதால் யாரும் சாகவில்லை, அம்மா. உயிரோடு இருக்கிறவனுக்கும் பாடலாம் என்று ஒரு நாடே வைத்திருந்திருக்கிறது.

அண்ணன் கப்பல் ஏறிப் போனதாக வைத்துக்கொண்டு பாடுங்கள்.

ஜோசப்


கும்மிடிப்பூண்டி,
18.6.2006

அன்பு ஜோசப்,

இத்துடன் கேசட் இருக்கிறது. இதை நீ தனியாகக் கேட்பது நல்லது. அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். போன வியாழக்கிழமை மதியம், பாத்திரம் கழுவிவிட்டு வந்தவள், "டேப்ப எடு" என்றாள். முடியை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குரல் தெருவுக்குப் போனதும் முத்தம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள். "யாரு போயிட்டாங்க? வாத்தியாரா?" என்று கேட்டபடி உள்ளே வந்த முத்தம்மாள், என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றாள். "அவரு குத்துக்கல்லாட்டம் இருக்காரு. கப்பல் ஏறுனவனுக்குப் பாடுறேன், உக்காரு" என்றாள் அம்மா. அவர்களும் தோளோடு தோள் கோத்து உட்கார்ந்துவிட்டார்கள். எடுத்த ஒப்பாரியைப் பாதியில் விடக்கூடாது அல்லவா?

நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அன்புவின் பெயர் வரும் என்று காத்திருந்தேன்.

*பெட்டியத் தூக்கினு போனவனே – எஞ்
சோசப்பே
பேச்ச மட்டும் அனுப்புறியே
வடிச்ச சோறு ஆறிப்போச்சே – எஞ்
சோசப்பே
வாசலுக்கு நீ வருவியாடா*

கடைசி வரை உன் பெயர்தான். அன்பு ஒருமுறைகூட வரவில்லை.

பிறகு கேட்டேன். "அவன் நடந்துதான் போனான், திரும்பி வருவான். கப்பல் ஏறுனது இவன்தான்" என்றாள்.

பெண்கள் போன பிறகு, இழவு வீட்டிலிருந்து வந்தவள்போலத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். 'தலைமுழுகுதல்' என்ற சொல்லுக்கு வகுப்பில் இரண்டு பொருள் சொல்லிக்கொடுப்பேன். ஒன்று குளிப்பது. மற்றது, இனி உறவில்லை என்று விட்டுவிடுவது. அவள் செய்தது எது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

உன் அப்பா


கும்மிடிப்பூண்டி,
3.12.2006

அன்பு ஜோசப்,

ஆடி போய் ஐப்பசியும் போய்விட்டது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனிலும் கேசட்டைப் பற்றி நீ பேசவில்லை. அம்மாவும் ரிசீவரைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நேற்று பார்சல் வந்தது. உள்ளே சி.டி. மட்டும்தான். உறையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.

நாலாவது பாட்டு நம் வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறது. நம் மின்விசிறியின் கிரீச் சத்தம் கேட்கிறது. தூரத்தில் மில்லில் முதல் ஷிப்ட் முடியும் சங்கு ஊதுகிறது. டேப் பிடித்தபோது அது என் காதில் விழவே இல்லை. இப்போது சி.டி.யில் அந்தச் சங்கைக் கேட்டதும் அம்மா வாசலைப் பார்த்தாள். அதற்கு மேல் அவள் குரல், குரலுக்கு அடியில் பிடில், பிறகு எல்லாரும் சேர்ந்து மலை சரிந்ததுபோல. இந்தமுறை உன் அடி எது என்று யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. அது நம் தெரு அடி.

*வாசலுக்கு நீ வருவியாடா* என்று அவள் கேட்கும் இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடுகிறது. அங்கே நீ சொல்கிறாய்: "தோ, வந்துட்டேம்மா."

ஒப்பாரிக்குப் பதில் வந்து நான் கேட்டதில்லை. முத்தம்மாள் பயந்துபோய் சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா பயப்படவில்லை. "பதில் சொன்னவன் வராமயா பூடுவான்?" என்று உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டாள்.

நேற்று முதல் உனக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைக்கிறாள், ஜோசப். நானும் அவளும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒரு தட்டோடு உட்கார எனக்குப் பழகிவிட்டது. இரண்டோடு முடியவில்லை.

பாட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் ஒரு வரி எழுது. எப்படியாவது சொல்லி ஒரு தட்டை எடுத்துவிடுகிறேன்.

மனசாரச் சொல்லியிருந்தால் எழுத வேண்டாம்.

காத்திருக்கும்,
அப்பா