பழைய வழக்குக்குப் பொருந்தாதாம்

என் தங்கத்துக்கு,

சிறுமிகளைச் சீரழிப்பவர்களுக்கு இனி ஆயுள் தண்டனை என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நீயும் படித்திருப்பாய். சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வக்கீலிடம் ஓடினேன்.

"பழைய வழக்குக்கு அது பொருந்தாதும்மா. உங்க தம்பி அடுத்த மாசம் வெளியே வந்துடுவார்," என்றார்.

நேற்று அவனே சிறையிலிருந்து பேசினான். "அக்கா, நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன்."

"வராதே. அன்னைக்கு என் பொண்ணு அழுதுகிட்டே சொன்னப்போ, அவளை விட்டுட்டு உன்னை நம்பினேன். கோர்ட்டுதான் அவளை நம்புச்சு. நான் உன்னை நம்பினது போதும்," என்று போனை வைத்தேன்.

அவனிடம் சொன்னதை உன்னிடம் இத்தனை வருஷமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடி.

பூட்டை மாற்றிவிட்டேன். புதுச் சாவி இரண்டுதான். ஒன்று இந்த உறைக்குள் இருக்கிறது. நீ எப்போது வந்தாலும் கதவைத் தட்ட வேண்டாம்.

அம்மா