மதுசூதனன் என்றொரு நண்பர்

18.01.2009
ஞாயிறு. பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் அப்புத்தளை வந்து சேர்ந்தது. ஷுக்ரியின் நெட் கடையில் ஸ்கைப்பைத் திறந்தபோது விஜயா காத்திருந்தாள். அவள் சைப்பிரஸுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அங்கே ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டுக்கூரைக்குத் தகடு வந்திறங்கியதைச் சொன்னேன். மகள் லக்ஷிகாவுக்குப் பல் விழுந்ததைச் சொன்னேன். லைன் விட்டு விட்டு வந்தது.

வைக்கும்போது சொன்னாள்: "ஷுக்ரி அண்ணன்கிட்ட சொல்லி பேஸ்புக் திறங்க. படமெல்லாம் போட்டிருக்கேன்."

25.01.2009
திறந்தேன். பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

முடியைத் தோள்வரை வெட்டியிருக்கிறாள். ஜீன்ஸ். அழகாக இருக்கிறாள், அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு வீடியோவும் இருந்தது. கடற்கரையில் நம் நாட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பைலா ஆடுகிறார்கள். நடுவில் இவள். கமெராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் — "இன்னொருக்கா விஜி, இன்னொருக்கா!" இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

விஜியா? கட்டிய நாளிலிருந்து நான் விஜயா என்றுதான் கூப்பிடுகிறேன். யாருடா நீ?

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஷுக்ரி தோளில் தட்டி, "மச்சான், ஆள் காத்திட்டிருக்காங்க" என்ற பிறகுதான் எழுந்தேன்.

01.02.2009
கேட்டேவிட்டேன். "வீடியோ எடுத்தவன் யாரு?"

"கூட ஆடின நளீராவோட வீட்டுக்காரருங்க. வெலிமடை ஆளுங்க. அவங்களும் இந்தத் தெருவுலதான் வேலை செய்றாங்க."

ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். அப்படியென்றால் உண்மையா? இல்லை, முன்கூட்டியே யோசித்து வைத்ததா? தேயிலைக் கொழுந்து லொறியை ஓட்டும்போதும் அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்கிறது. இன்று வளைவில் ஹோர்ன் அடிக்க மறந்து ஒரு வேன்காரனிடம் ஏச்சு வாங்கினேன்.

11.02.2009
இன்று ஒரு வேலை செய்தேன். லொறிக்குச் சாமான் வாங்கவேண்டும் என்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் சொல்லிவிட்டு ஷுக்ரி கடைக்குப் போய், மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் இன்னொரு பேஸ்புக் கணக்குத் திறந்தேன். பெயர் மதுசூதனன். ஊர் பண்டாரவளை. டுபாயில் டிரைவர். படத்துக்குத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. நட்பு கேட்டு விஜயாவுக்கு அனுப்பினேன்.

சும்மா, ஒரு சோதனை. நல்லவளாயிருந்தால் ஏற்கமாட்டாள்.

18.02.2009
ஏற்றுக்கொண்டாள்! முன்பின் தெரியாதவனை!

"ஊர் ஆளா? சந்தோசம் அண்ணா" என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தாள். என்ன பேசுவது? கூரையைப் பற்றி இந்த மதுசூதனனுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. மகளைப் பற்றியும் தெரியக்கூடாது. வேறு வழியில்லாமல், சாப்பிட்டீங்களா, அங்கே குளிரா என்று கேட்டு வைத்தேன்.

பதில் பக்கம் பக்கமாக வந்தது. கிழவி உப்பில்லாமல் சாப்பிடுவாளாம். இவளும் அதையே சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்குச் செத்துவிட்டதாம். ஒருநாள் மாசிச் சம்பல் ஞாபகம் வந்து குசினியில் நின்று அழுதாளாம்.

என்னிடம் இதையெல்லாம் சொன்னதேயில்லை. அவனிடம் சொல்கிறாள்!

04.03.2009
ஞாயிற்றுக்கிழமை புருஷனாகப் பேசுகிறேன். "சரிங்க, ஆமாங்க" என்கிறாள். புதன்கிழமை மதுசூதனனாக எழுதுகிறேன். கிழவியைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது, மருந்துக்கடைக்காரன் கொடுத்த பிளாஸ்டர், நளீராவுடன் போட்ட சண்டை, எல்லாம் வருகிறது.

எனக்கென்ன பைத்தியமா? அவனும் நான்தானே. ஆனால் புதன்கிழமை கடையைவிட்டு வெளியே வரும்போது அவனை நாலு அறை அறையவேண்டும் போலிருக்கிறது.

18.03.2009
இன்று அவள் "அண்ணா" போடவில்லை. வெறும் "நீங்க".

மேலே ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். போன வாரம் இருந்தது. இந்த வாரம் ஒரு இடத்திலும் இல்லை.

08.04.2009
கிழவி செத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையே.

ஞாயிறு என்னோடு பேசினாளே! ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மதுசூதனனுக்குத்தான் எழுதியிருக்கிறாள். ஆத்திரத்தில் அவன் பெயரிலேயே கேட்டேன்: "வீட்டுக்காரரிடம் சொன்னீங்களா?"

"அவருகிட்ட சொன்னா, அப்ப கூரை என்னாகும்னுதான் கேப்பாரு. கோவிக்க மாட்டாரு, நல்ல மனுசன்தான். ஆனா நான் எப்படி இருக்கேன்னு கேக்கத் தெரியாது. இந்த அம்மாவக் குளிப்பாட்டி, ஊட்டி, ரெண்டு வருசம் கூடவே கிடந்தேன். எனக்கு அழணும். நீங்க இருக்கீங்கன்னு எழுதுறேன்."

பதில் எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன். ஸ்டேஷன் பக்கம் போய் ரயில் போகும்வரை நின்றேன். நான் கூரையைத்தான் கேட்டிருப்பேன். ஆமாம். அதைத்தான் கேட்டிருப்பேன்.

12.04.2009
ஸ்கைப்பில் கூரைப் பேச்சை எடுக்கவில்லை. "இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இடுப்பு வலி எனக்குத் தெரியாதே!

திரையில் அவள் முகம் அப்படியே நின்றது. லைன்தான் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். "யாரு சொன்னா?"

"நீ உட்கார்ற விதத்தப் பார்த்தா தெரியுது."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிழவி இறந்ததையும் சொன்னாள். நான் முதன்முறை கேட்பதுபோலக் கேட்டேன். அவ்வளவு நன்றாக நடிக்க வருமென்று எனக்கே தெரியாது.

29.04.2009
மதுசூதனனுக்கு வந்த கடைசிச் செய்தி: "நான் ஊருக்குப் போறேன். இனி எழுத மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு. அவரு கேக்கும்போது வேற ஒருத்தர்கிட்ட சொல்றது சரியில்ல. நீங்க நல்லா இருக்கணும்."

ஜெயித்தது நான்தானே? அப்படியென்றால் நெஞ்சு ஏன் இப்படி வலிக்கிறது? அந்தப் புருஷன்காரன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சத்தியமாக.

17.05.2009
வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். லக்ஷிகா மடியைவிட்டு இறங்குவதில்லை.

24.05.2009
பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். "உங்ககிட்ட ஒன்னு மறைச்சிட்டேங்க. பேஸ்புக்ல மதுசூதனன்னு ஒருத்தர் எழுதுவாரு. தப்பா ஒன்னுமில்ல. என்னமோ, அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டணும்னா திட்டுங்க."

சொல்லும்போது அவள் குரல் தணிந்திருந்தது. அவன் பெயரை எவ்வளவு மெதுவாகச் சொல்கிறாள்! என்னால் தாங்க முடியவில்லை.

"அது நான்தான்" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப… அப்படி ஒரு ஆளே இல்லையா?" என்றாள்.

பிறகு அழத் தொடங்கினாள். என்னைத் திட்டி அழவில்லை. சாவு வீட்டில் அழுவதுபோல அழுதாள். லக்ஷிகா ஓடி வந்து, "அம்மா ஏன் அழுவுறீங்க?" என்றாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்ச ஒரு மாமா இறந்துட்டாரு."

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

27.05.2009
பேசவில்லை. பிள்ளையோடுதான் படுக்கிறாள்.

30.05.2009
பேசவில்லை. ஷுக்ரி கடைக்குப் போய் அந்தக் கணக்கை அழித்துவிட்டு வந்தேன். சொன்னேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

07.06.2009
மழை. லொறி ஓடவில்லை. அவள் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், "அந்தக் கிழவி பேரு என்ன?" என்றேன்.

கை நின்றது. "எலேனி" என்றாள். பிறகு, "இதை யாரும் கேட்டதில்ல" என்றாள்.

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழவில்லை. எலேனி செத்த அன்று காலையில் நடந்ததைச் சொன்னாள். மதுசூதனனுக்கு அவள் எழுதாததும் அதில் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.