உன் பூட்ஸை உள்ளே எடுத்து வைத்துவிட்டோம்

பாசமுள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்கிறாயா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. சொல்வது நான், எழுதுவது உன் தங்கச்சி. என் வலது கை மாவுக்கட்டில் கிடக்கிறது, போன் சுவரில் பட்டுச் சிதறிவிட்டது, அதனால்தான் இந்தக் காகிதம். கீழ்வீட்டுத் தையல்காரர் மனசு தாங்காமல் உனக்குப் போன் போட்டுப் பாதியைச் சொல்லிவிட்டாராம், நீயும் லீவு போட்டுட்டு வரேன், அந்த ஆளை வெட்டிப் போட்டுட்டுதான் மறுவேலை என்று கத்தினாயாம். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை டிக்கெட் எடுக்காதே.

நீ போகும்போது இங்கே விட்டுப்போன பழைய பூட்ஸ், முனையில் இரும்பு வைத்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதானே அன்றைக்கு உன் அப்பாவை மாடிப்படியில் உதைத்து உருட்டினாய். முன்பல் போய், வாய் கிழிந்து, படியெல்லாம் ரத்தமாக இறங்கிப் போனவன் அதற்குப் பிறகு தெருமுனைச் சாராயக்கடையோடு நின்றுகொண்டான், ஏறி வரவில்லை. நீ ஊரை விட்டுப் போன விஷயம் அவன் காதுக்கு எட்டினால் அன்றைக்கே வந்து நிற்பான் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பூட்ஸைக் கதவுக்கு வெளியே வைத்தேன், பையன் கிடங்கில் ஷிப்டு மாறிவிட்டான், இருட்டிய பிறகுதான் வருவான் என்று தெருவில் சொல்லி வைத்தேன். ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வரும் என்று உன் தங்கச்சி அதைத் தினம் திருப்பித் திருப்பி வைப்பாள், கீழே போய்ச் சேறு பூசிக்கொண்டு வருவாள், மழை நாளில் நனைத்து வைப்பாள். அது போதாதென்று பூட்ஸுக்குள் துணியைத் திணித்து அவளே மாட்டிக்கொண்டு, சாயங்காலமானால் கீழ்ப்படியிலிருந்து தொம் தொம்மென்று ஏறி வருவாள், நீ ஏறுவது மாதிரியே, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிவிட்டு. கேட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் நானே சில நாள் நீதான் என்று எழுந்துவிடுவேன். அந்த ஆள் ஒரு தடவை பாதிப் படிவரை வந்து, பூட்ஸைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்கு ஆம்பிளைத் துணை வேண்டும் என்கிறார்களே, அந்தத் துணைக்குச் சோறும் போட வேண்டியதில்லை, அடியும் வாங்க வேண்டியதில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

அந்தச் சிரிப்புக்குத்தான் வினை வந்தது. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகைக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், வீட்டில் சம்பாதிக்கிற ஆம்பிளை ஒருத்தர் இருந்தாலும் மொத்தமும் நிற்கும். அதைப் பார்க்க ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். நான் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தது உன் தங்கச்சியும் நம் கடைக்குட்டிப் பயல் உருண்டையும்தான். அந்த அம்மா குனிந்து பூட்ஸைத் தொட்டுப் பார்த்து, சேறு ஈரமா இருக்கே, யாரோடதும்மா இது, என்று கேட்டாராம். கடைக்காரனிடம் உப்பு கேட்கவே ஓரமாக நின்று ஆள் கலையும்வரை காத்திருப்பவள் இவள், என்ன சொல்வாள். அண்ணனோடது என்று ஒரே வார்த்தைதான் வந்தது. அண்ணன் எங்கே என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டாள். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ் வேறு நல்லெண்ணத்தில் எட்டிப் பார்த்து, ஆமாங்க, தினம் சாயங்காலம் வருவாரு, முகம் பாத்ததில்ல, ஆனா நல்ல கனமான ஆளுங்க, படியே அதிரும், என்றாளாம். கனமான ஆள்! இவளை நிற்கவைத்து ஊதினால் பறந்துவிடுவாள்.

உதவித்தொகை நின்றது, அதோடு சேர்ந்ததுதான் சின்னவள் எறும்புக்குப் பள்ளிக்கூடத்தில் போடும் மதியச் சாப்பாடு, அதுவும் நின்றது. மற்ற பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க சின்னவளைக் கடைசி பெஞ்சில் தண்ணீர் டம்ளரோடு உட்கார வைத்திருக்கிறார்கள். சில நாள் பொறுத்தாள். ஒரு நாள் பக்கத்துப் பிள்ளையின் ரொட்டியைப் பிடுங்கப் போய், அவள் விடாமல் இழுக்க, ரொட்டியோடு சேர்த்து அந்தப் பிள்ளையின் விரலையும் கடித்துவிட்டாள். தையல் போடுகிற அளவுக்குக் கடித்திருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க பொண்ணுக்கு ஏன் இவ்ளோ மூர்க்கம், என்றார். பசிங்க, என்றேன். உருண்டைக்கு நாம் வைத்த அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே கூச்சமாக இருக்கிறது, விலா எலும்பை எண்ணலாம். இவனைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றுதான் உன் தங்கச்சி படிப்பையே விட்டாள், அவளே பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அந்த பூட்ஸ் ஒரு வேளையாவது என் பிள்ளைங்களுக்குச் சோறு போட்டிருக்குமா சொல்லுங்க, என்று கேட்டேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. எனக்கும் மேல ஆள் இருக்காங்கம்மா, ஆம்பள பூட்ஸ் ஈரமா இருந்தா ஆள் இருக்கார்னுதான் நான் எழுதியாகணும், அதை எடுத்துடுங்க, சொல்லாம ஒரு நாள் வந்து பாக்கறேன், என்றார். வீட்டுக்கு வந்து பூட்ஸைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், படியேறும் நாடகத்தையும் நிறுத்தச் சொன்னேன். வேண்டாம்மா என்று இவள் ஒரு தடவை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

மறுநாளே உன் அப்பன் வந்தான். பட்டப்பகல். நான் சலவைக்கு எடுத்து வந்த சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரே உதையில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. எங்கடி உன் காவல்காரன், என்னைப் பல்லு போன நாயாக்கினவன் எங்க, என்று கேட்டுக்கொண்டே என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். போனை எடுத்தேன், அதைப் பிடுங்கி எறிந்தான். என் மணிக்கட்டைக் கதவு இடுக்கில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினான், ஒரு தடவை இல்லை. எலும்பு ஒடிகிற சத்தம் என் காதிலேயே விழுந்தது. எறும்பு ஓடிப்போய் அவன் கெண்டைக்காலைக் கவ்வினாள், அவன் உதறிய உதறில் பீரோவில் போய் விழுந்தாள், நெற்றி பிளந்துவிட்டது. உருண்டை மேஜைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அழக்கூட இல்லை. அப்போதுதான் உன் தங்கச்சி சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நீ செய்ததுதானே, எழுதுடி, உன் அண்ணனுக்குத் தெரியட்டும் என்கிறேன், முகத்தை மூடிக்கொள்கிறாள். எழுது. அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள், சத்தமே போடாமல், சட்டைக் காலரைத் தேய்க்கிற மாதிரி நிதானமாக. சதை கருகிய வாசனை இன்னும் இந்தத் திரைச்சீலையை விட்டுப் போகவில்லை. அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான், இவள் ஒயர் தரையில் இழுபட விரட்டிக்கொண்டு போய் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று போட்டாள், விழுந்தவன் மண்டைக்கு ஓங்கியபோது நான் இடது கையால் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். தையல்காரர் கத்தரிக்கோலோடு ஏறி வந்தார், அதற்குள் அவன் தவழ்ந்தே தெருவுக்குப் போய்விட்டான். இழுக்காமல் விட்டிருந்தால் கொன்றிருப்பாள். இழுத்தது சரியா என்று எனக்கே சில நேரம் தோன்றுகிறது. போலீஸ் ஸ்டேஷனில், குடும்பத் தகராறும்மா, பேசித் தீத்துக்கங்க, என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரமே ஆபீஸ் அம்மா வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், சாக்கை நர்ஸ் தன் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தாள், பாவம், அவளால்தான் என்று அவளுக்கு அழுகை. என் கையைப் பார்த்து யாரு பண்ணது என்றார். சொன்னேன். அவர் இங்க தங்கறாரா என்றார். இல்லம்மா, அடிக்க மட்டும் வராரு, என்றேன். தன் நோட்டை மூடிவிட்டு, அடிக்க வர்றதுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்லம்மா, தங்கினாத்தான் கேள்வி, என்று சொல்லிப் போனார். உதவித்தொகை திரும்பி வந்துவிட்டது. எறும்புக்குச் சாப்பாடும் வந்தது. முதல் நாள் அள்ளித் தின்று வாந்தி எடுத்தாளாம், இப்போதும் ஒரு கையால் தட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாளாம்.

இதனால்தான் வராதே என்கிறேன். நீ வந்து இங்கே நாலு நாள் படுத்தால் ஆம்பிளை வந்துவிட்டான் என்று எழுதுவார்கள், அந்தத் தட்டு மறுபடி போய்விடும். அவனை வெட்டினால் உன் ஆத்திரம் தீரும், அப்புறம் வாசலில் வைக்கப் பூட்ஸ் இருக்கும், போட்டுக்கொள்ளும் உன் கால் ஜெயிலில் இருக்கும். பூட்ஸையும் இனி வெளியே வைக்கப் போவதில்லை. பயமா, பசியா என்று கேட்டால் பிள்ளைகளுக்குப் பசிதான் முதலில் ஆகாது, பயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். தையல்காரர் கதவுக்கு இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, உன் தங்கச்சி இருக்கிறாள்.

எங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தால் ஒரு நாள் மட்டும் வா, கையில் ஒன்றும் இல்லாமல் வா. தையல்காரர் கடையில் படுத்துக்கொள், செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேலே ஏறி வா. வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் வம்பு வேண்டாம், உன் கோபம் உன் அப்பன் கொடுத்தது, அதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வராது, என் ஆயுசையும் சேர்த்து நீ இருப்பாய்.

இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடும்,
உன் அம்மா.

அண்ணா, இது நான் எழுதுவது. வெறுங்காலோடு வரும்படி அம்மா சொல்லிவிட்டார்கள், நீ பூட்ஸ் போட்டு வந்தாலும் எனக்கு ஒன்றுதான். படியில் கேட்கிற சத்தத்தை நான் நம்ப மாட்டேன், உன் நடையை நானே எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன். கீழ்ப்படியிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வா. நிறுத்தாமல் கூப்பிடு. கதவைத் திறக்கும்போது என் கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும், நான் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டேன்.