டேப்பெட் சத்தம் கேட்காத உங்களுக்கு

பக்கத்து வீட்டுக்காரர் காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று டேப்பெட் அடிக்கிறது. ஒரு வாரமாக அடிக்கிறது. ஈப்போவில் மகள் வீட்டுச் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்குகிற எனக்குக் கேட்கிறது. காருக்குள் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தம் வந்தாலே எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கோபம் மட்டும் போகவில்லை.

வால்வுக்கும் அதை அமுக்குகிற ராக்கருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், கூடினால் டேப்பெட் தட்டும், குறைந்தால் வால்வு கருகிவிடும் என்று கல்யாணமான முதல் மாதமே சொல்லிவிட்டீர்கள். புதுப்பெண்ணிடம் பேச உங்களுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்கள் டிராக்டர் டிரைவர். நான் பால்மரம் வெட்டுகிறவள், பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற வேலை. விடிந்ததும் பெண்களை டிரெய்லரில் ஏற்றி வேலைக்காட்டில் இறக்குவீர்கள். பிறகு அதே டிரெய்லரில் பால் டாங்கியை ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போவீர்கள். அந்த டிராக்டர் நம் இருவரையும்விட வயதில் மூத்ததாக இருக்கும். அதன் வால்வு இடைவெளியை அளக்க மெல்லிய தகடுகள் உண்டு. அந்தத் தகடுகளை நீங்கள் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. இஞ்சினை ஓடவிட்டு, திருகைத் திருப்பி, சத்தம் அடங்குகிற இடத்தில் நிறுத்துவீர்கள். கேட்டால், "தகடெல்லாம் பழகாதவனுக்கு. எனக்குக் காது இருக்கு லா" என்பீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் காதுதான் நம்மைப் படுத்தியது.

தோட்டத்துக் கணக்கு பார்க்கிற பெரிய கிராணி ஒருநாள் உங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "சத்தம் தாங்கல. திங்கக்கிழம மேனேஜர் தொரை வந்து பாப்பாரு. சரியில்லன்னா டிராக்டர வித்துட்டு கமுந்திங் டவுன்லேருந்து வாடகை லாரி எடுத்துருவோம்." லாரி வந்தால் அதற்கென்று டிரைவரும் வருவார். நீங்கள் தோளில் டாங்கியை மாட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கப் போக வேண்டியதுதான். அந்த மருந்தடித்தே இருமி இருமிக் கிடந்தவர் என் அப்பா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இஞ்சின் மூடியைக் கழற்றி, வழக்கம்போல ஓடவிட்டுத் திருகினீர்கள். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். நிமிர்ந்து, "நின்னுருச்சு, பாத்தியா?" என்றீர்கள்.

தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் அதன் மேல் குனிந்து நின்றுகொண்டு சிரிக்கிறீர்கள். காலையில் டிரெய்லரிலிருந்து நாங்கள் கத்தினாலும் நிறுத்தாமல் போனதெல்லாம் திமிர் என்று நினைத்திருந்தேன்.

"என்னங்க, இன்னும் தட்டுது. உங்களுக்குக் காது கேக்கல."

"ஒனக்கு என்ன தெரியும், புள்ள? போய் சோத்தப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வந்து வாசலைப் பார்த்தபடி நின்று, "வா, வந்து ஹேண்டில சுத்து" என்றீர்கள். தகடுகள் கையில் இருந்தன. மன்னிப்பு என்ற சொல் உங்கள் பரம்பரையிலேயே இல்லை.

இஞ்சின் ஆறிக் கிடந்தது. நான் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றினேன். ஒவ்வொரு வால்வும் முழுசாக மூடியதும் "போதும்" என்று கத்தினீர்கள். கொஞ்சம் தாண்டினால் திட்டினீர்கள். தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். திருகைச் சரியாக வைத்து நட்டை இறுக்கினால் திருகும் கூடவே சுற்றிவிடும், மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது வால்வை மட்டும் ஐந்து தடவை வைத்தீர்கள். ஈரச் சேலையோடு என் முதுகு ஒடிந்தது. எட்டு வால்வும் முடிகிறவரை ஒரு தடவைகூட "வலிக்குதா" என்று நீங்கள் கேட்கவில்லை.

பிறகு ஸ்டார்ட் செய்தீர்கள். இஞ்சினைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அப்படி என்னை நீங்கள் பார்த்ததில்லை. தலையாட்டினேன். உடனே திரும்பிக்கொண்டு மூடியை மாட்டத் தொடங்கினீர்கள்.

திங்கட்கிழமை துரை வந்து, நின்று கேட்டு, "போலே லா, பரவால்ல, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறவரை அந்த வண்டியை நீங்கள்தான் ஓட்டினீர்கள்.

உங்கள் காதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. டிரெய்லரில் இருந்தவர்கள் என் கூட்டாளிகள். அவர்களுக்குக் காரணம் சொல்லாமல், தினமும் முன்பக்க விளிம்பில் நானே உட்கார்ந்தேன். யாராவது கத்தினால் குடைக் கம்பால் உங்கள் தோளில் குத்துவேன். "புருஷன இப்படியா குத்துவ?" என்று எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வரவில்லை. வளைவு வரும்போதெல்லாம் எதிரே ஹாரன் கேட்கிறதா என்று நான்தான் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

பின்னால் மகள் ஈப்போ டாக்டரிடம் கூட்டிப்போனபோது, "காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, இவதான் முணுமுணுக்கிறா" என்றீர்கள். காதுக்கு வாங்கித் தந்த கருவியைச் சட்டைப்பையில் வைத்தீர்கள். நான் சட்டையோடு சேர்த்துத் துவைத்தேன். காது கேட்காது என்று கடைசிவரை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் நான் குனிந்து என்னவோ சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். கேட்டுத்தான் ஆட்டினீர்களா, வழக்கம்போல ஆட்டினீர்களா? அதையாவது சொல்லியிருக்கலாம்.

நேற்று மகள், "ஏம்மா இப்படிக் கத்துறீங்க? பக்கத்துலதானே நிக்கிறேன்" என்றாள். முப்பது வருஷம் உங்களுக்காக உயர்த்திய குரல். இறக்கிப் பார்க்கிறேன், வரவில்லை. கோயிலில் மெதுவாக வேண்டிக்கொண்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.