திரும்பி நிற்கும் அ

என்னங்க,

செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் கிளம்புகிறேன். தாரணியை எழுப்புங்கள். டப்பாவில் சேமியா வைத்திருக்கிறேன், மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

அவள் வண்ணம் தீட்ட நீங்கள் டிசைன் கிராஃப் தாளில் போட்டுக் கொடுத்த எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறி நிற்கின்றன. தறியில் புடவையின் பின்பக்கம் மேலே இருக்கும்; அதனால் முந்தானையில் பெயரைத் திருப்பிப் போடுவீர்கள். இது முந்தானை இல்லை. நான்கு வயதுக் குழந்தை.

நேற்று டீச்சர் போன் செய்தார். "உங்க பொண்ணு எனக்கே பாடம் எடுத்துகினு இருக்குதுங்க" என்றார். அவர் அ எழுதிக் காட்டினால், "எங்க அப்பா புடவையிலயே பேர் போடுறாரு, உங்களுக்குத்தான் தெரியல மிஸ்" என்கிறாளாம். நானும் எழுதிக் காட்டினேன். "நீ கம்பெனிக்குத்தானே போற" என்றாள்.

பள்ளியில் விடும் முன் நீங்களே சொல்லுங்கள், அப்பா தப்பாகப் போட்டுவிட்டேன் என்று. என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவளிடமாவது சொல்லுங்கள். இன்னும் ஒரு வாரம் போனால் அவள் கை அதற்கே பழகிவிடும்.

மணிமேகலை

சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள். விளையாட்டு என்று நினைத்துக்கொள்வாள்.