கால் பலகைக்கு இடம் விட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே "சரி, அந்த வண்டிய வித்துடு" என்று முடித்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

முதலில் கொப்புளம். அம்மா உன்னிடம் அழுத அளவுக்கு அது பெரிதல்ல. என் வண்டி ரேடியேட்டரில் விரிசல் விட்டு, கொதிநீர் என் இடது கால்மேல் சொட்டியிருக்கிறது. உணர்வில்லாத கால். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். இப்போது ஆறிவிட்டது. நீ பயந்தது நியாயம்தான். ஆனால் நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், தையல் மெஷினை ரிப்பேருக்கு யார் இங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள்? துணிக் கம்பெனியில் ஒரு மெஷின் நின்றால் அந்த வரிசையே கை கட்டி நிற்கும். வண்டிப் பெட்டியில் ரிப்பேர் சாமான்களோடு மேடேறி நான்தான் போய்ப் பார்க்கவேண்டும். டிரைவரோடு கார் வைத்துத் தருகிறேன் என்கிறாய். அவன் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்னால் ஆகிற காரியமா, நீயே சொல்.

நீ படம் அனுப்பிய ரேஸ் வண்டி ரேடியேட்டரை மெக்கானிக் தாடியிடம் காட்டினேன். உன்னோடு படித்த அதே தாடிதான். என் பைக்குக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து, கியரைக் கைக்கு மாற்றி, இடது காலை வைக்கப் பலகை கட்டித் தந்தவன். படத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். "அக்கா, இதப் போட்டா இஞ்சின் சூடே ஏறாதுக்கா" என்றான். அந்த அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்தேன். ஓரம் கால் பலகையை இடித்தது. பலகையைக் கொஞ்சம் தள்ளிவிடலாம் என்றான். தள்ளினால் என் முழங்கால் ரேடியேட்டர் ஓரத்தில் போய் ஒட்டும், சுட்டால் எனக்குத் தெரியாது என்றேன். அவன் அட்டையை எடுத்துக் கீழே வைத்தான்.

பழையதைப் போல ஒல்லியாக ஒன்று போட்டால் பலகைக்கு இடம் கிடைக்கும். ஆனால் பாரத்தோடு மேடேறும்போது கொதித்துப்போகும். பழையது விரிசல் விட்டதே அதனால்தான். "காலா, இஞ்சினா? ஏதாவது ஒண்ணு சொல்லுக்கா" என்றான். இரண்டும் வேண்டும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

பலகைக்கு இடம் விட்டு இன்னோர் அட்டை வெட்டி எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து, பழைய உதிரிபாகத் தெருவுக்குப் போனேன். கடைக்குக் கடை என்ன மாடல் என்று கேட்டார்கள். மாடல் எதுவானாலும் சரி, அகலம் இந்த அட்டைக்குள் அடங்கவேண்டும், தடிமன் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்றேன். ஒரு கடைக்காரர், "வண்டி ஓட்டுறவர வரச் சொல்லுங்கம்மா" என்றார். "வந்தாச்சு, எடுத்துப் போடுங்க" என்றேன். அப்புறம் உள்ளே போய், ஒரு சின்ன வண்டியின் ரேடியேட்டரைக் கொண்டுவந்தார். அகலம் குறைவு, ஆனால் தடிமன் அதிகம். உள்ளே இரண்டு வரிசைக் குழாய், பின்னால் ஒரு விசிறி. காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கச் சொன்னேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

குழாய் வாய் எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று தாடி முணுமுணுத்தான். வளைந்த ரப்பர் ஹோஸ் தேடிப் போட்டான். இவ்வளவு தடிமன் முன்சக்கரத்தில் இடிக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அவன் ஹேண்டில்மேல் முழு எடையையும் போட்டு அமுக்க, நான் இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. கால் பக்கம் ஒரு தகடும் அடிக்கச் சொல்லிவிட்டேன். இனி ஒழுகினாலும் தண்ணீர் என்மேல் படாது.

மறுநாள், நான் முன்பே எடுத்துவந்து சரிசெய்த இரண்டு மெஷின்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி மேட்டில் ஏறினேன். பாதி வழியில் நெரிசல், வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. இஞ்சின் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. பிறகு விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. முள் நின்றது, மெல்ல இறங்கியது. மேலே போய் நிறுத்தி, கையால் காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. வாட்ச்மேன் என்னம்மா சிரிக்கிறீங்க என்று கேட்டார்.

ஆகவே ரேடியேட்டர் அனுப்பாதே. சக்கர நாற்காலி, மசாஜ் மெஷின், இப்போது இது. நீ அனுப்புவதையெல்லாம் வைக்க வீட்டில் இடமில்லை, தம்பி. நீ வந்தால் படுக்க இடம் இருக்கிறது.

என் காலில் உணர்வு போன அன்றைக்கு, அந்த லாரி குறுக்கே திரும்பியதைப் பின்சீட்டிலிருந்து நானும் பார்த்தேன். நீ பிரேக் பிடித்தாய். அதற்குமேல் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. இதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் உன் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. நீ அங்கே வண்டியையே தொடுவதில்லை, எவ்வளவு தூரமானாலும் நடந்தே போகிறாய் என்று அம்மா சொன்னாள்.

இந்த லீவுக்குக் கட்டாயம் வா. பெட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சீட் போடத் தாடியிடம் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருவேன். நீ ஏறிப் பின்னால் உட்கார்ந்தால் போதும். நான் பார்த்து ஓட்டுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. நீ நல்லா இருக்கணும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா